போர்க்காலத்து மடலும் மைத்திரியும்

(கொச்சி மட்டாஞ்சேரி, கொச்சங்காடியில் பௌர்ணமி மாலையொன்றில் தமிழ்க் குடும்பத்தார் கூடியிருந்தபோது ஆற்றிய அறவுரை.)





பஞ்சசீலம் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன்னே பேச நிற்கின்ற நான் கற்றறிந்த பண்டிதன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பதினெட்டாம் வயதில் பஞ்சாலைக்குள் நுழைந்து, நூற்புக் கதிர்களின் இரைச்சலில் பத்தாண்டுக்கு மேல் நின்றவன். இரவு வேலை முடிந்த விடியற்பொழுதுகளில், விரலில் ஒட்டிய பஞ்சோடு அறநூல்களை எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆகவே என் சொல்லிற் குறையிருப்பின் பொறுத்தருள்க. பொருளிற் குறையிருப்பின் எழுந்து கேளுங்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கடிதம். தானம், சீலம், பாவனை என்று பேசவேண்டிய இடத்தில் தபாற்காரர் பையிலுள்ள பொருளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற திங்களில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஐயா, நம் இனத்தை அழித்த நாட்டிலே எனக்கு ஒரு நண்பன் இருக்கின்றான். அவனோடு கடிதப் போக்குவரத்தும் சிறு வணிகமும் உண்டு. என் தோழர்கள் என்னைத் துரோகி என்கின்றார்கள். நான் எழுதலாமா, கூடாதா?" என்று கேட்டார். அவருக்கு அன்றே விடை சொல்ல என் நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அதற்கு இந்தக் கொச்சங்காடி பொருத்தமான இடமே. ஊர்ப்பெயரிலேயே அங்காடி இருக்கின்றது. கொள்வோரும் கொடுப்போரும் கூடுமிடம் அங்காடி. அங்கே நிறைகோல் ஒன்றே பொது. மொழியும் மதமும் பலவாகும். 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மண்மூடிப் போக, கொச்சியின் முகத்துவாரம் அகன்றது என்பர். அதன்பின் யூத மக்கள் இங்கே எழுப்பிய தொழுகைக் கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு 1344-ஆம் ஆண்டினது. அந்தக் கூடம் இன்று இல்லை. கல் மட்டும் மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள பரதேசிக் கூடத்துச் சுவரிலே பதிக்கப்பட்டு நிற்கின்றது. கட்டடம் போயிற்று, எழுத்து நின்றது. மடலும் அத்தகையதே. எழுதிய கையும் ஆண்ட அரசும் மறைந்த பின்னரும் அது பேசுகின்றது.

முதலில் நம் அறநூல் மரபிலிருந்து ஒரு வரலாறு கேளுங்கள்.

மத்திம நிகாயத்துத் தாதுவிபங்க சூத்திரத்துக்கு உரை வகுத்த ஆசிரியர் கூறுவது இது. பகவன் புத்தர் வாழ்ந்த காலத்தில் வடமேற்கே நெடுந்தொலைவிலுள்ள தட்சசீலத்து வணிகர் சிலர் சரக்கு மூட்டைகளுடன் இராசகிருகத்துக்கு வந்தனர். அங்கே ஆண்டவன் பிம்பிசாரன். அவன் வணிகரைப் பார்த்து, "உங்கள் அரசன் எத்தகையவன்?" என்று வினவினான். புக்குசாதி அறவழியில் ஆள்பவன் என்றும் தன்னொத்த வயதினன் என்றும் அறிந்து மகிழ்ந்தான். உடனே அவ்வணிகருக்குச் சுங்கத்தை நீக்கி, நட்பு வேண்டுகின்றேன் என்று அவர்கள் வாயிலாகச் சொல்லியனுப்பினான். புக்குசாதியும் இராசகிருகத்து வணிகருக்கு அவ்வாறே சுங்கம் நீக்கினான். முகம் பாராமலே இருவரும் நண்பராயினர்.

ஒருமுறை புக்குசாதி விலைமதிப்பற்ற எட்டு ஆடைகளைப் பேழையிலிட்டு முத்திரை வைத்து அனுப்பினான். அதற்கு ஈடாக எதை அனுப்புவது என்று எண்ணிய பிம்பிசாரன், பொற்றகட்டிலே புத்த தன்ம சங்க மும்மணியின் பெருமையையும், மூச்சை நோக்கும் தியான முறையையும் எழுதுவித்து அனுப்பினான். அம்மடலைத் தனியே இருந்து படித்த புக்குசாதி அரசைத் துறந்தான்; காவியுடை பூண்டு கால்நடையாக இராசகிருகம் வந்தான். குயவர் ஒருவரின் கொட்டிலில் இரவு தங்கியபோது, உடன் தங்கியவர் பகவனே என்பதறியாமல் அவரிடமே அறம் கேட்டான்.

அன்பர்களே, இக்கதையில் மைத்திரி எந்த வழியாக வந்தது? மலை முழைஞ்சிலிருந்து வரவில்லை. வணிகர் வண்டியிலே வந்தது. அதன் முதல் அடையாளம் என்ன? சுங்கம் நீக்கியது. முதலிற் சரக்கு, பின்பு சொல், பின்பு பரிசு, கடைசியில் தருமம். ஆகவே கணக்கும் விலையும் எழுதிய கடிதம் தாழ்ந்தது என்று எண்ணாதீர்கள். அறம் நுழைவதற்கு அதுவும் ஒரு வாயில்.

"அஃது அரசர் கதை, அங்கே போரும் இல்லை" என்பீர்கள். உண்மை. போருக்கு நடுவே வணிகர் தம் கையாலேயே எழுதிய மடல் வேண்டுமென்றால், இதே மேலைக் கடற்கரையில் வடக்கேயுள்ள மங்களூருக்கு வாருங்கள். காலம் 12-ஆம் நூற்றாண்டு. கொச்சித் துறைமுகம் பெயர் பெறுவதற்கு முந்திய காலம்.

ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் வட ஆப்பிரிக்காவின் மகதியா என்னும் ஊரிலிருந்து வந்தவர். ஏறத்தாழ 1132 முதல் 1149 வரை இக்கரையிலே வாழ்ந்தார். மிளகு, ஏலம், இரும்பு, பாக்கு ஆகியவற்றை ஏடன் துறைமுகத்துக்கு அனுப்புவார். ஏடனிலிருந்த கூட்டாளிகள் பழைய செப்புப் பாத்திரங்களை உருக்கிப் புதிதாகச் செய்யும்படி அவருடைய பட்டறைக்கு அனுப்புவர்; கூடவே சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் எழுதுவதற்குத் தாளும் அனுப்புவர். இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கடவுளின் திருப்பெயர் எழுதிய தாளை அழித்தலாகாது என்பது யூதர் வழக்கம். அதனால் பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில், பயன் முடிந்த தாள்களையெல்லாம் ஓர் அறையில் இட்டு வைத்தனர். 1896-97-இல் சாலமன் செக்டர் என்னும் அறிஞர் அவற்றிற் பெரும்பகுதியைக் கேம்பிரிட்சுக்குக் கொண்டு சென்றார். பின்னர்க் கோய்த்தைன் என்பவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டு வணிகர் மடல்களை ஆராய்ந்தார்.

1135-ஆம் ஆண்டளவில் பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் தலைவன் ஏடனைக் கைப்பற்றக் கப்பற்படை அனுப்பினான். ஏறத்தாழ இரண்டு திங்கள் துறைமுகம் முற்றுகையில் இருந்தது. அப்பொழுது இராமிஷ்த் என்னும் பாரசீக முஸ்லிம் பெருவணிகரின் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. நகரத்துப் படைவீரர் அவற்றில் ஏறிப் போரிட, முற்றுகை உடைந்தது. இச்செய்தியை ஏடனிலிருந்த யூத வணிகர் இந்தியக் கரையிலிருந்த தம்மவர்க்கு எழுதினர். ஊர் முற்றுகையிலிருந்து மீண்ட அந்த நாளிலும் அவர்கள் சரக்கையும் விலையையும் எழுத மறக்கவில்லை. மத்மூன் என்னும் ஏடன் வணிகர் மங்களூரிலிருந்த இந்திய வணிகர்க்குத் தம் அன்பைத் தெரிவிக்கும்படியும், கூட்டாக ஒரு கப்பல் அனுப்பலாம் என்றும் பென் யிஜுவுக்கு எழுதிய மடலும் உண்டு. தாக்கியவர் பாரசீக வளைகுடாவினர், காத்தவரும் பாரசீகர். பகை என்பது ஓர் இனம் முழுதும் ஏந்தி நிற்கும் கொடி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னும் கேளுங்கள். 1148-இல் சிசிலி மன்னன் உரோசர், பென் யிஜுவின் சொந்த ஊராகிய மகதியாவைப் பிடித்தான். அதே ஆண்டுகளில் சிலுவைப் போர்ப்படைகள் கீழைநாடுகளில் போரிட்டுக்கொண்டிருந்தன. உடன்பிறந்தார் ஊரிழந்து சிசிலித் தீவுக்குப் போனார்கள் என்று கேள்வியுற்ற அவர், 1149-இல் ஏடனிலிருந்து அவர்களுக்கு மடல் எழுதினார். தம்மிடமுள்ள பொருள் அனைவர்க்கும் போதும், வந்து சேருங்கள் என்பது அதன் கருத்து. இடையே இரு மதத்தாரின் போர்க்களம் கிடந்தது. ஆயினும் உறவு அறுபடவில்லை. 1156-இல் அவர் மகள், சிசிலியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மகனையே எகிப்தில் மணந்தாள்.

இந்த மடல்களில் ஒரு சிறு செய்தியும் வருகின்றது. ஏலத்துக்கென்று முன்பணம் வாங்கிய உள்ளூர் வணிகன் ஒருவன் சரக்கைக் கொடாமற் காலங்கடத்தினான். அந்தப் பாக்கியைப் பற்றி ஏடனிலிருந்து மீண்டும் மீண்டும் எழுதினார்கள். அந்த முன்பணத்தை நினைவில் வையுங்கள். நான் திரும்பவும் அதனிடம் வருவேன்.

இனி உங்கள் மட்டாஞ்சேரிக்கே வருவோம். எசேக்கியல் இரகாபி (1694-1771) என்னும் யூத வணிகரின் பெயரை இங்கே பலர் அறிவர். பரதேசிக் கூடத்துக்கு 1760-இல் மணிக்கூண்டு எழுப்பியவர். டச்சுக் கும்பினியின் தலைமை வணிகர். திருவிதாங்கூர் மன்னரிடம் கும்பினிக்காகத் தூது சென்றவர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை முறியடித்தது. 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1766-இல் ஐதர் அலி மலபாரைக் கைப்பற்றினார். 1767 முதல் 1769 வரை ஆங்கிலேயர்க்கும் மைசூருக்கும் போர். இத்தனை கொந்தளிப்புக்கு நடுவே, 1768-இல், எழுபதைக் கடந்த அம்முதியவர், ஆலந்து நாட்டு ஏக் நகரிலிருந்த தோபியாஸ் போவாஸ் என்பார்க்கு எபிரேய மொழியில் நீண்ட மடல் எழுதினார். மலபார் யூதர் எங்கிருந்து வந்தனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்று அவர் கேட்டிருந்த கேள்விகளுக்கு விடை அது. அவரைத் துறவி என்று நான் கூறவில்லை. கும்பினிக்கு மிளகு கிடைக்கவேண்டும் என்பதற்காக உழைத்தவர்தாம். ஆயினும் எங்கும் வாளோசை கேட்ட காலத்தில், தூரத்து மனிதன் ஒருவன் கேட்ட கேள்விக்குப் பொறுமையாக விடை எழுதினாரே, அந்தப் பொறுமையை நாம் கற்கவேண்டும்.

நம் பௌத்த உலகிலேயே போரின் பின்னே எழுந்த மடலும் உண்டு. காஞ்சிபுரம் வரை வந்து சென்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 645-இல் தம் நாட்டுக்குத் திரும்பினார். 647-இல் ஹர்ஷ மன்னர் மறைந்தார். அவர் இடத்தைப் பற்றியவன் சீனத் தூதுக்குழுவைத் தாக்கினான். தப்பிய சீனத் தூதர் திபெத்து, நேபாளப் படைகளைக் கொண்டுவந்து 648-இல் அவனைப் பிடித்துச் சென்றார். இரு நாட்டுக்குமிடையே இவ்வாறு இரத்தம் சிந்திய நான்காம் ஆண்டிலே, 652-இல், புத்தகயை மகாபோதி விகாரையிலிருந்து பிரஞ்ஞாதேவர் என்னும் துறவி யுவான் சுவாங்குக்கு மடல் விடுத்தார். கூடவே மறவாமையின் அடையாளமாக இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிகளை அனுப்பினார். இந்தப் பிரஞ்ஞாதேவர் வேறு கொள்கையினர். முன்னொரு நாள் கன்னியாகுப்சத்தில் யுவான் சுவாங்கோடு வாதிட்டுத் தோற்றவர். 654-இல் விடை சென்றது. ஆசான் சீலபத்திரர் மறைந்த துயரத்தை எழுதிய யுவான் சுவாங், தாம் சிந்து நதியைக் கடந்தபோது ஒரு சுமை ஏடுகளை ஆற்றில் இழந்ததைச் சொல்லி, அவற்றின் பட்டியலைக் குறித்து, படி எடுத்து அனுப்பும்படி வேண்டினார். துயரமும் நட்பும் ஏட்டுப் பட்டியலும் ஒரே விடையிற் சென்றன.

அந்தப் பருத்தித் துணியைப் பற்றிப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. பஞ்சாலைக்காரன் ஆகையால் துணியை நான் அறிவேன். ஒரு முழத் துணியில் எத்தனை பேருடைய மூச்சு இருக்கின்றது என்பதையும் அறிவேன். உறக்கம் வராததற்குக் காரணம் அதுவன்று. நான் அனுப்பாமல் வைத்துக்கொண்ட துணி ஒன்று உண்டு. அதனைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

1990களின் இறுதியில் நான் வேலை செய்த ஆலை மூடப்பட்டது. பிழைப்புக்காக ஈரோட்டுச் சந்தையில் வெள்ளைத் துணி வாங்கி, காவிச் சாயம் ஏற்றிச் சீவரத் துணியாக விற்கத் தொடங்கினேன். ஒரு வைசாகப் பௌர்ணமியன்று சென்னை எழும்பூர் மகாபோதி மடத்தில் கொழும்பு வணிகர் ஒருவரைக் கண்டேன். சிங்களவர், என்னினும் மூத்தவர். புறக்கோட்டையில் தமிழர் கடைகளுக்கு நடுவே சிறு வயது முதல் வேலை செய்து தமிழ் கற்றவர். நான் அவரை 'முதலாளி' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். கோணல் எழுத்தில் தமிழிலேயே கடிதம் எழுதுவார். "போன தடவை சாயம் வெளுத்தது. இந்தத் தடவை நன்றாகக் காய்ச்சும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?" இவ்வளவுதான் கடிதம். பத்தாண்டு இவ்வாறு சென்றது.

2008-ஆம் ஆண்டு ஆடி மாதம், கடினத் திருநாளுக்கு முப்பது சீவரம் வேண்டுமென்று பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் தந்தார். அந்த ஆண்டு வன்னியில் போர் முற்றியது. நாளேட்டில் வந்த படங்களைப் பார்த்து நான் அழுதேன், நீங்களும் அழுதிருப்பீர்கள். ஊரெங்கும் சினம். என் நெஞ்சிலும் சினம். துணி அனுப்பவில்லை. கடிதமும் எழுதவில்லை. "நம் பிள்ளைகளைக் கொல்பவர்களுக்குத் துணி எதற்கு?" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பணத்தைத் திருப்பி அனுப்பினேனா? இல்லை. அந்தப் பணத்தில் என் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றினேன்.

அன்பர்களே, அன்று என்னை ஒருவரும் கள்வன் என்று சொல்லவில்லை. தெரிந்தவர் இருவர் மெச்சவும் செய்தனர். என் இனத்தின் துயரத்தைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, ஒரு தனி மனிதரின் பொருளை நான் எடுத்துக்கொண்டேன். கொடாததை எடுத்தல் அன்றோ அது? நாள்தோறும் ஓதும் இரண்டாம் சீலம் அன்றோ உடைந்தது?

போர் முடிந்த மறு திங்கள், 2009 சூனில், அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தம்பிக்கு, வன்னியில் உமக்கு உறவினர் உண்டோ என்று இத்தனை நாளும் நான் கேட்டதில்லை. இருந்தால் பெயரும் ஊரும் எழுதும். என்னால் முடிந்தமட்டும் விசாரிக்கின்றேன்." அதனைப் படித்துவிட்டுத் தகரப் பெட்டியிற் போட்டு மூடினேன்.

2011 சனவரியில் எழும்பூர் மகாபோதி மடத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்தது. இலங்கையிலிருந்து வந்தோர் காயமுற்றனர். நான் சீலம் ஏற்ற இடம் அது. "இது அநியாயம்" என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக் கூரை நினைவுக்கு வந்தது. அவர்கள் தடி கொண்டு செய்ததை நான் மௌனத்தால் முன்னமே செய்திருந்தேன். அதன் பின்னும் எழுத எனக்கு ஓராண்டு ஆயிற்று. வெட்கம் என்பது சினத்தினும் கனமான பூட்டு. 2012-இல் கடன் வாங்கி முப்பது சீவரத்துக்குத் துணி எடுத்து, சாயமேற்றி, நடந்ததை ஒளியாமல் எழுதி அனுப்பினேன்.

விடை வந்தது. அதனை நான் மனப்பாடமாக வைத்திருக்கின்றேன். "தம்பிக்கு, துணி வந்தது. சாயம் நன்று. உமது பெயரில் வரவேண்டிய சரக்கை ஆண்டுதோறும் புதுக்கணக்கில் முதற்பக்கத்தில் எழுதி வந்தேன். 2008-இல் என் தங்கை மகன் படையில் இறந்தான். உமது பெயரை அடித்துவிடச் சொன்னாள் என் மனைவி. அடித்தால் அந்தக் கரையோடு நமக்கு ஒரு கணக்கும் இல்லை என்று ஆகிவிடும் என்றேன்."

அவர் வீட்டில் எவரேனும் இறந்தனரோ என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. என் துயரம் அவ்வளவு பெரிதாக இருந்தது; அதற்குள் அவர் வீட்டுக்கு இடமில்லை.

நிற்க. இங்கே சிலர் தவறாகக் கொள்ளக்கூடும். "நட்பு பாராட்டிக் கொலையை மறந்துவிடச் சொல்கின்றீரோ?" என்பர். இல்லை. அந்த இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடி 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர். அவர்கள் கேட்ட நீதியை ஒரு கடிதம் கொடுத்துவிடாது. கடிதம் நீதிக்கு மாற்று அன்று. ஆனால் உண்மை செல்வதற்கு ஒரு வழி வேண்டுமே! முள்ளிவாய்க்காலைப் பற்றி நான் அறிந்ததையெல்லாம் 2013-இல் முதலாளிக்கு எழுதினேன். ஐந்து திங்கள் விடை இல்லை. நட்பு அற்றது என்றே எண்ணினேன். பின்பு ஒரு வரி வந்தது: "எழுதியதை இரண்டு முறை படித்தேன். இங்கே எங்களுக்கு இவ்வாறு ஒருவரும் சொல்லவில்லை." ஆயிரம் பேர் மேடையேறி முழங்கியும் அந்தக் கடைக்குள் நுழையாத செய்தி, சாயத்தையும் முழத்தையும் பேசிவந்த கடிதத்தோடு நுழைந்தது. நான் 2008-இல் அறுத்த வழியை அவர் அறுக்காமல் வைத்திருந்ததாலன்றோ அது சென்றது?

ஆகவே அந்த இளைஞர்க்கு என் விடை: எழுதுக. ஆயின் எப்படி எழுதுவது என்பதற்குப் பகவன் அருளிய அளவுகோல் உண்டு. நல்ல பேச்சுக்கு ஐந்து இலக்கணம் கூறினார். அவற்றையே மடலுக்கும் கொள்வோம்.

முதலாவது, காலமறிந்து சொல்லுதல். துயரம் நேர்ந்த வேளையில் எழுதாமல், எல்லாம் ஆறிய பின் எழுதுவது எளிது, பயன் குறைவு. நான் தவறியது இங்கே.

இரண்டாவது, உண்மை சொல்லுதல். நட்புக் கெடும் என்று அஞ்சி, நம்மவர் பட்டதை மறைத்தல் மைத்திரி ஆகாது. நம்மவர் செய்ததை மறைத்தலும் ஆகாது.

மூன்றாவது, மென்மை. "உங்கள் ஆட்கள்" என்று தொடங்கும் வரியை எழுதுமுன் கையை நிறுத்துங்கள். எழுதப்படுபவர் ஒருவர், அவர் தலையில் ஒரு படையை ஏற்றாதீர்கள்.

நான்காவது, பயன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பதும் பயனுள்ள சொல்லே. வணிகமாயின் எதனை விற்கின்றோம் என்பதைப் பாருங்கள். படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்தின் வாணிகத்தையும் ததாகதர் விலக்கினார். பகைநாட்டோடு மட்டுமன்று, சொந்த ஊரிலும் அவை விலக்கே. போரைக் கொழுக்கச் செய்யும் வணிகக் கடிதத்தை நட்புக் கடிதம் என்று எவரும் சொல்லலாகாது.

ஐந்தாவது, மைத்திரி நிறைந்த மனம். இது இல்லையேல் மற்ற நான்கும் வழக்கறிஞர் அறிவிப்பாகவே முடியும்.

இன்று பலர் கடிதம் எழுதுவதில்லை; கைப்பேசியிலே செய்தி அனுப்புகின்றீர்கள். அதற்கும் இந்த ஐந்தே அளவுகோல். கடிதம் எழுதுகின்றவன் ஒட்டுமுன் ஒருமுறை மடிப்பான். அந்த மடிக்கும் நேரத்திலாவது மனம் திரும்பும். விரல் தொட்டவுடன் பறக்கும் செய்திக்கு அந்த நேரமும் இல்லை. ஆகையால் அனுப்புமுன் மூன்று மூச்சு எண்ணுங்கள்.

கடைசியாக, ஏலத்துக்கு முன்பணம் வாங்கிக் காலங்கடத்திய அந்த வணிகனை நினைவில் வைத்தீர்களா? அவன் பெயரை நான் தேடவில்லை; எனக்குத் தெரிந்த பெயர் என்னுடையதே. உங்களுள் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய பாக்கி ஒன்று இருக்கலாம். பிரிந்துபோன உடன்பிறந்தாராகலாம், வேற்று மதத்து அண்டைவீட்டாராகலாம், வேலைநிறுத்தத்தில் எதிரணியில் நின்ற தோழராகலாம். இந்தப் பௌர்ணமி கழியுமுன் ஒருவர்க்கு எழுதுங்கள். பணமாயின் பணத்தோடு எழுதுங்கள்.

முதலாளிக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகின்றது. கடையை மகன் பார்க்கின்றான். சித்திரைப் புத்தாண்டு அவர்க்கும் நமக்கும் ஒரே நாளில் வருவது. புதுக்கணக்கு எழுதிய கையோடு எனக்கும் ஒரு கடிதம் போடுவார். இவ்வாண்டு வந்த கடிதத்தில் எழுத்து மிகவும் நடுங்கியிருந்தது. "உமது பெயரில் பாக்கி இல்லை. ஆனாலும் பக்கத்தை விட்டு வைத்திருக்கின்றேன். எழுதும்." இதோ, இன்றிரவு நான் அவர்க்கு விடை எழுத வேண்டும். கொச்சங்காடியில் உங்களைக் கண்டதையும் எழுதுவேன்.

நண்பரும் நலம் பெறுக. பகைவரும் நலம் பெறுக. இக்கரையாரும் அக்கரையாரும் பகை நீங்கி வாழ்க. எல்லா உயிரும் இன்புறுக.

சாது! சாது! சாது!